பெயிலான பொண்ணையே அனுப்புங்க

ரிசல்ட் வருகிற வாரத்தில் என் ஆபீசில் யாருக்காவது கட்டாயம் காய்ச்சல் வரும். இன்னொருவருக்குச் சொந்தத்தில் துக்கம் நேரும். வேறொருவரின் போன் தண்ணீரில் விழுந்துவிடும். சிதம்பரத்தில் சொந்தமாக ஆடிட்டர் ஆபீஸ் போட்டு உட்கார்ந்த பிறகு இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. பி.காம். முடித்து சி.ஏ. படிக்க வரும் பிள்ளைகள் ஓர் ஆடிட்டரிடம் சில வருஷம் வேலை பழக வேண்டும். ஆர்ட்டிகிள் என்போம். அந்தப் பிள்ளைகள் பரீட்சை எழுதப் போவதையே வெளியில் சொல்ல மாட்டார்கள். பெயிலாகிவிட்டால், இந்தத் தடவை எழுதவே இல்லை என்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன் என்பதால் யாரையும் துருவிக் கேட்பதில்லை.

இதில் மறைக்காத ஆள் என்று எனக்குத் தெரிந்து ஒருத்திதான் இருந்தாள்.

கடலூர் முதுநகரைத் தாண்டி, துறைமுகத்தை ஒட்டிய மீனவர் தெருவிலிருந்து வந்தவள். அப்பா படகில் போவார். அம்மா துறைமுகத்தில் ஏலம் எடுத்து மீன் வியாபாரம் செய்வார். சிதம்பரத்தில் பி.காம். படித்தபோது பக்கத்துப் பக்கத்து இடம் எங்களுக்கு. பாசஞ்சர் ரயிலில் அவள் எங்கள் ஊருக்கு வந்து படித்தாள். பிறகு திருப்பாப்புலியூரில் ஓர் ஆடிட்டரிடம் இரண்டு பேரும் ஆர்ட்டிகிளாகச் சேர்ந்தோம். அப்போது நான் அதே ரயிலில் அவள் ஊருக்குப் போனேன். துறைமுகம் ஜங்ஷனில் அவள் ஏறுவாள். அங்கிருந்து ஆபீசுக்கு ஒரே ஒரு ஸ்டேஷன். பஸ்ஸில் சுலபமாகப் போயிருக்கலாம். என்னோடு பேசுவதற்காகவே ஏறுவாள்.

பேச்சு என்றால் ஊர்ப்பட்ட பேச்சு. பெட்டியில் பூக்காரம்மா இருப்பார், கூடையோடு மீன்காரம்மாக்கள் இருப்பார்கள், கோர்ட்டுக்குப் போகிற ஒரு டைப்பிஸ்ட் இருப்பார். அத்தனை பேருக்கும் அவள் எந்த மாசம் பரீட்சை எழுதுகிறாள், எந்தப் பேப்பர் அவளுக்கு எமன், எல்லாம் தெரியும். ஒரு நாள் ஏறியதும் ஏறாததுமாக, யாரும் கேட்காமலே சொன்னாள்.

"அக்கா, நேத்து ரிசல்ட் வந்துச்சி. பெயிலு."

பூக்காரம்மா உச்சுக் கொட்டினார். "எத்தினிலம்மா போச்சி?"

"ஒண்ணுலயும் போவலக்கா. தனித்தனியா எல்லாத்துலயும் பாஸு. மொத்தத்துல கொறஞ்சிடுச்சி."

"இது இன்னா கூத்து? எல்லாத்துலயும் பாஸுன்னா அப்பறம் எப்டி பெயிலு?"

எங்கள் பரீட்சையின் அநியாயம் அதுதான். ஒவ்வொரு பேப்பரிலும் நாற்பது வாங்கினால் போதாது, எல்லாவற்றையும் கூட்டினால் பாதிக்குப் பாதி வர வேண்டும். அதை அவள் பூக்காரம்மாவுக்கு அந்த ஒரே ஸ்டேஷன் தூரத்தில் விளக்கி முடித்துவிட்டாள். இறங்கும்போது பூக்காரம்மா கோபமாக இருந்தார். அவள் மேல் இல்லை, பரீட்சை வைக்கிறவர்கள் மேல்.

எனக்கு அன்று உடம்பெல்லாம் கூசியது. எங்கள் வீட்டில் பரீட்சையையும் பிள்ளை உண்டானதையும் ஒரே மாதிரி மறைப்பார்கள். நாள் தள்ளிப் போனதைச் சொன்னாலும் கண் படும், நாள் குறித்ததைச் சொன்னாலும் கண் படும். நான் பரீட்சை எழுதப் போன நாட்களில் அம்மா பக்கத்து வீட்டில், "பாண்டிச்சேரில சித்தி வீட்டுக்குப் போயிருக்கா" என்று சொல்லி வைப்பார். எனக்குப் பாண்டிச்சேரியில் சித்தியே கிடையாது. அப்படி வளர்ந்தவளுக்குப் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்து, ஓடுகிற ரயிலில் தன் பெயிலைக் கூவிக் கொண்டிருந்தால் எப்படி இருக்கும்?

"ஏண்டி இப்டி தண்டோரா போடற? கேட்டாங்களா உன்ன?" என்றேன், இறங்கி நடக்கும்போது.

அவள் நின்று என்னைப் பார்த்தாள். நான் கேட்டது அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"எங்கப்பா வெறும் வலையோட வந்தா முக்காடு போட்டுக்கினா வீட்டுக்கு வராரு? படகு வரும்போதே கரையில இருந்து கேப்பாங்க, மீன்பாடு எப்டின்னு. இல்லன்னா இல்லன்னு அங்கருந்தே கைய விரிச்சிக் காட்டிடுவாரு. மறுநா திரும்பப் போவாரு. இதுல இன்னா கீழா போச்சி?"

"அது மீனுடி. இது படிப்பு."

"பெயிலு பெயிலுதான். சொல்லிட்டா வேல முடிஞ்சிது. நீதான் போன வாட்டி பதினஞ்சி நாளு ஒடம்பு சரியில்லன்னு போர்வைக்குள்ள கெடந்த."

அது உண்மை.

ஒன்று சொல்ல வேண்டும். தன்னுடையதைத்தான் அவள் ஊருக்குச் சொல்வாள். அடுத்தவருடையதைக் கேட்கவே மாட்டாள். ஆபீசில் விருத்தாசலத்துப் பையன் ஒருவன் ரிசல்ட்டுக்குப் பிறகு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தபோது எல்லோரும் அவனைச் சுற்றி நின்று நோண்டினார்கள். இவள் மட்டும் அவனிடம் ஒரு வவுச்சர் கட்டைக் கொடுத்து, "இத சரி பாத்துக் குடுடா" என்று வேறு அறைக்கு அனுப்பிவிட்டாள். அவன் தப்பித்தோம் என்று ஓடினான்.

எங்கள் ஆடிட்டர் சார் நல்லவர், ஆனால் ஆபீஸ் பெயருக்குப் பயப்படுகிறவர். பண்ருட்டிப் பக்கம் அண்ணாகிராமத்தில் அவர் கணக்குப் பார்க்கும் ஒரு கட்சிக்காரர், முந்திரி கம்பெனி முதலாளி. வருஷக் கடைசியில் சரக்கு இருப்பைப் பார்க்க எங்கள் இரண்டு பேரையும் அனுப்பினார். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. கம்பெனிக்காரர்கள் வேலை பழகும் பிள்ளைகளையும் "ஆடிட்டர் சார், ஆடிட்டரம்மா" என்றுதான் கூப்பிடுவார்கள். நாங்களும் திருத்த மாட்டோம். நாற்காலியும் இளநீரும் வருகிறபோது யார் திருத்துவார்கள்? சொல்லப் போனால், மற்ற எல்லா இடத்திலும் குட்டுப்படுகிற ஆர்ட்டிகிளுக்கு அந்த ஒரு வார்த்தைதான் வருஷத்தில் கிடைக்கிற தீபாவளி.

முதலாளி பெரிய மீசைக்காரர். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றே விட்டார்.

"வாங்க ஆடிட்டரம்மா, வாங்க. ஒக்காருங்க."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவள் நின்றுகொண்டே சொன்னாள்.

"நாங்க ஆடிட்டர் இல்லண்ணா. ஆடிட்டருக்குப் படிச்சிக்கினு இருக்கோம். நான் போன பரீட்சையில பெயிலு."

எனக்கு நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போல் இருந்தது. முதலாளி ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு மீசை குலுங்கச் சிரித்தார்.

"யம்மா, இத்தினி வருசமா எத்தினியோ பேரு வந்து போயிட்டாங்க. பெயிலுன்னு சொல்லிக்கினே உள்ள வந்த மொத ஆளு நீதாம்மா."

அவருக்கு அவளைப் பிடித்துப் போய்விட்டது. முந்திரி மூட்டை அடுக்குகளை அவரே கூட வந்து காட்டினார். எல்லாம் முடிந்து கிளம்பும் நேரத்தில் தலையைச் சொறிந்தார்.

"நீ ஒளிக்காம சொன்ன. நானும் ஒண்ணு சொல்லிடறேன். பின்னாடி கொட்டாயில மழையில நனஞ்ச மூட்ட கொஞ்சம் கெடக்கு. அதையும் நல்ல சரக்குலதான் சேத்து வச்சிருக்கேன். கணக்குலருந்து எடுத்துடட்டுமா?"

"எடுத்துடுங்கண்ணா. எங்க இருக்கு, காட்டுங்க."

போய்ப் பார்த்தோம். பூஞ்சை பிடித்து நாற்றம் அடித்தது. முந்தைய வருஷங்களில் இளநீர் குடித்துவிட்டுத் திரும்பிய ஆடிட்டரம்மாக்கள், ஆடிட்டர் சார்கள் ஒருவர்கூட அந்தக் கொட்டகைப் பக்கம் போனதில்லை.

விஷயம் தெரிந்ததும் சார் அவளைக் கூப்பிட்டுக் கத்தினார். நனைந்த மூட்டையைக் கண்டுபிடித்தது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

"கட்சிக்காரங்ககிட்டப் போயி பெயிலுன்னு சொல்லலாமாம்மா? என் ஆபீஸ் பேரு என்ன ஆவறது? பெயிலான பசங்களத்தான் இவரு அனுப்பறாருன்னு ஊரெல்லாம் பேச மாட்டாங்க?"

"பெயிலானது நான்தானே சார். ஆபீஸ் இல்லயே."

சார் மின்விசிறியைக் கூட்டி வைத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் அதே நேரம் முந்திரி முதலாளியிடமிருந்து போன் வந்தது. சார் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். யாரை அனுப்பட்டும் என்று சார் கேட்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து குரல் முழங்கியது.

"சார், அந்தப் பெயிலான பொண்ணையே அனுப்புங்க. வேற யாரும் வோணாம்."

ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. சார் மட்டும் சிரிக்காமல் அவளை ஒரு பார்வை பார்த்தார். முன்பு கத்தியபோது பார்த்த பார்வை இல்லை அது. "போயிட்டு வாம்மா, கார் சொல்லியிருக்கேன்" என்றார். அவர் காரில் அனுப்பிய முதல் ஆர்ட்டிகிள் அவள்தான். பக்கத்தில் உட்கார்ந்து போன இரண்டாவது ஆள் நான். அவளோடு வந்தவள் என்று சொல்லிக்கொள்ளப் பெருமையாகத்தான் இருந்தது.

எல்லோரிடமும் இது செல்லுபடியானதா என்றால், இல்லை.

பெயிலான அந்தப் பரீட்சையை இரண்டு பேரும் பிறகு ஒருவழியாகத் தாண்டிவிட்டோம். ஆர்ட்டிகிள் முடிந்த பிறகும் கடைசிப் பரீட்சையான ஃபைனல் பாக்கி இருந்ததால், அதே ஆபீசில் சம்பளத்துக்கு ஒட்டிக்கொண்டு இரண்டு பேரும் எழுதினோம். எழுதினோம், போனது. மறுபடி எழுதினோம், மறுபடி போனது. அவளுக்கு வீட்டில் வரன் பார்க்கத் தொடங்கினார்கள். பரங்கிப்பேட்டைப் பக்கத்துக் கடற்கரைக் கிராமம், மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. பெண் பார்க்க வந்த அன்று துணைக்கு நான் இருந்தேன். தரகர் என்ன சொல்லி வைத்திருந்தாரோ, மாப்பிள்ளையின் அத்தை பஜ்ஜியை எடுத்துக்கொண்டே கேட்டார்.

"பொண்ணு ஆடிட்டருன்னு சொன்னாங்க. ஜாஸ்தி சம்பாதிக்குதா?"

அவளுடைய அம்மா, "அதெல்லாம் நல்லா..." என்று ஆரம்பிப்பதற்குள் இவள் காபித் தட்டைக் கீழே வைத்தாள்.

"இன்னும் ஆடிட்டர் ஆவல அத்தே. ஃபைனல்ல ரெண்டு தபா பெயிலு. திரும்ப எழுதுவேன். கல்யாணம் ஆனாலும் எழுதுவேன்."

அத்தையின் கையில் பஜ்ஜி பாதியில் நின்றது. போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்தவர்கள், பிறகு சொல்லி அனுப்பவே இல்லை.

வாசல் கதவைச் சாத்திவிட்டு அவளுடைய அம்மா திரும்பினார். ஏலத்தில் நூறு குரலுக்கு மேலே தன் குரலைக் கேட்க வைக்கிறவர் அவர். அன்று அந்தக் குரல் கம்மிப் போயிருந்தது.

"உன்ன யாருடி கேட்டாங்க? தட்ட வச்சிட்டு உள்ள வர வேண்டியதுதானே?"

"பின்னாடி தெரிஞ்சா ஏமாத்திட்டாங்கன்னு சொல்லுவாங்கம்மா."

"சொன்னா சொல்லிட்டுப் போறாங்க! உங்கப்பாவுக்கு முன்ன மாதிரி கடலுக்குப் போவ முடியல. உனக்குப் பின்னாடி ஒருத்தி நிக்கறா. நான் எத்தினி நாளைக்கிடி வாசல்ல வரவங்களுக்கு பஜ்ஜி போட்டுக்கினு இருப்பேன்?"

அம்மாவே முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு முடிவையும் சொன்னார்.

"இன்னொரு தபா எழுது. அதான் கடசி. அதுவும் போச்சின்னா புஸ்தகத்த மூட்ட கட்டிட்டு, மொதல்ல வர்ற எடத்துக்குக் கழுத்த நீட்டணும். சரியா?"

"சரிம்மா."

சரி என்றால் அவளிடம் சரிதான். அதையும் அவள் மறைக்கவில்லை. மறுநாள் ரயில் பெட்டிக்குத் தெரியும், ஆபீசுக்குத் தெரியும், முந்திரி முதலாளிக்கும் தெரியும். இந்தத் தடவை போனால் இவளுக்குப் படிப்பு இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கு அவள் மேல் கோபம்கூட வந்தது. யாருக்கும் தெரியாமல் இருந்தால் வார்த்தையை மெதுவாக மாற்றிக்கொள்ள இடம் இருக்கும் அல்லவா? இவள் எல்லாக் கதவையும் திறந்து போட்டுவிட்டு நடுவீட்டில் உட்கார்ந்து படித்தாள். ரயிலிலும் படித்தாள். மீன்காரம்மாக்கள் கூடையைத் தள்ளி வைத்து இடம் கொடுத்து, "பேசாதீங்கடி, புள்ள படிக்குது" என்று பெட்டியையே அடக்கினார்கள்.

இரண்டு பேரும் பாண்டிச்சேரி போய் எழுதினோம். வழக்கம்போல என் அம்மாவின் கணக்கில் நான் சித்தி வீட்டில் இருந்தேன்.

ரிசல்ட் அன்று காலையில் ஆபீசில் யாருக்கும் வேலை ஓடவில்லை. நாங்கள் இரண்டு பேரும் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தோம். முதலில் என் எண்ணைப் போட்டோம். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு வந்தது. தனித்தனியாக எல்லாவற்றிலும் நாற்பது தாண்டியிருந்தது. மொத்தத்தில் போய்விட்டது.

அவள் என் கையைப் பிடித்தாள். ஒரு கையால் என்னைப் பிடித்தபடியே மறு கையால் தன் எண்ணை அடித்தாள். திரையில் அந்த வார்த்தை வந்ததை நானும் பார்த்தேன். பாஸ். அவள் வாயில் ஒரு சத்தம் வரப் பார்த்தது. விழுங்கிவிட்டாள். போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வா, உள்ள போலாம்" என்றாள்.

சார் வாசலிலேயே நின்றிருந்தார். விருத்தாசலத்துப் பையன் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"என்னம்மா ஆச்சு?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. சாரையும் பார்க்கவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னாள்.

"சைட்டே ஓப்பன் ஆவல சார். ரெண்டு பேருக்குமே."

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் சொன்ன பொய். ஒரு குழந்தை கேட்டாலும் கண்டுபிடித்துவிடும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன்னுடையதை இவள் சொன்ன அடுத்த நொடி எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். நான் போர்வைக்குள் கிடக்கிற ஆள் என்பது அவளுக்குத் தெரியும். அதற்காக, ரயில் பெட்டி முழுக்க வேண்டிக்கொண்டு வாங்கிய பாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. அவளுடைய அம்மா. பின்னால் துறைமுகத்து ஏலச் சத்தம். அந்த அம்மாவின் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை.

"இன்னாடி ஆச்சி?"

"இன்னும் தெரியலம்மா."

"மொதல்ல சொல்றவ நீ. இன்னிக்கி இன்னாடி முழுங்கற? போயிடுச்சா? போச்சின்னா போச்சின்னு சொல்லு, நான் ஒண்ணும் திட்ட மாட்டேன். பாண்டிலருந்து ஒரு எடம் கேட்டுக்கினு இருக்காங்க. வரச் சொல்லிடட்டுமா?"

"இரும்மா. நான் சாயங்காலம் சொல்றேன்."

அப்போதும் அவள் சொல்லவில்லை. என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன்.

"யம்மா, நான் பேசறேன். உங்க பொண்ணு பாஸாயிட்டா. ஆடிட்டர் ஆயிட்டா."

சார், "அடி சக்க!" என்று மேசையைத் தட்டினார். விருத்தாசலத்துப் பையன் குதித்தான். போனில் அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்.

"நெசமாவா? அப்பறம் அவ ஏண்டி சொல்லல?"

சாரும் மற்றவர்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"ஏன்னா நான் பெயிலும்மா" என்றேன். "எனக்குக் கஷ்டமா இருக்கும்னு அவ சொல்லல."

சொல்லிவிட்டேன். அறை முழுக்கக் கேட்டது. கூரை இடிந்து விழவில்லை. அவள் வந்து என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவளைப் பற்றி அப்போது எனக்கு இருந்த பெருமையில் என் பெயில் எங்கோ ஒரு மூலைக்குப் போய்விட்டது.

போனில் அந்த அம்மா ஏலக்காரர்கள் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். கம்மிப் போயிருந்த குரல் திறந்துகொண்டது.

"ஏய், கேட்டுக்குங்க! எம்பொண்ணு ஆடிட்டரு ஆயிட்டா! பாஸாயிட்டா!"

ஏலம் நின்று போய், அந்தப் பக்கம் ஒரே கூச்சல். அது அடங்குவதற்குள் அதே குரல், அதே சத்தத்தில், மறுபடியும் எழும்பியது.

"அவ கூட்டாளி ஒண்ணு, செதம்பரத்துப் பொண்ணு! நல்ல பொண்ணு! அது இந்தத் தபா பெயிலாயிடுச்சி!"

துறைமுகம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மீன் கூடைகளுக்கு நடுவிலிருந்து, நான் பார்த்தே இராத யாரோ ஒரு பெண் பதில் சொன்னாள்.

"அவ்ளோதானே, திரும்ப எழுதச் சொல்லு!"